நாலு பத்துக்கு நின்ற ரெக்கார்டர்

குணசுந்தரி அக்காவைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "இன்னா ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லு" என்பாள். பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டவன், காலையில் என்ன நாஷ்டா தின்றான் என்பது வரைக்கும் ஒப்பிக்க வேண்டும். நடுவில் எதையாவது விழுங்கினான் என்றால் தொலைந்தான்.

ஆர்.கே.பேட்டை பக்கம் நெல் போடுகிற குடும்பம். மூன்று பெண்களில் நடுப்பெண். திருவள்ளூரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு பதினாறு வருடத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிக்கு டைப் அடிக்கத்தான் வந்தாள். எங்களுடையது வால்வுகளுக்கு வார்ப்பு ஊற்றுகிற ஃபவுண்டரி. உலோகத்தை உருக்க இரண்டு ஃபர்னஸ். அவற்றின் சூட்டை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்து வைக்க ஒரு லினக்ஸ் சர்வரை வாங்கி வைத்தார்கள். விற்றவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். ஒருத்தரும் தொடப் பயந்த அந்தப் பெட்டியை இவள் தொட்டாள். புத்தகம் வாங்கி, நோட்டில் எழுதி எழுதி, தானே கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு சிஸ்டம் செக்ஷன் என்றால் குணசுந்தரி என்றாகிவிட்டது.

நான் ஏஞ்சல். மூன்று வருடமாக அவளுக்குக் கீழே டோனர் நிரப்பிக்கொண்டும் கீபோர்டு மாற்றிக்கொண்டும் இருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல நீ யார் என்று கேட்டால், நடந்ததில் பாதி என் கைவேலை. அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த சர்வர் தொங்கிப்போனது. எல்லாரையும் போல நானும் பட்டனை அமுக்கி ஆஃப் செய்து ஆன் செய்தேன். அக்கா பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி. "பொணம் கெடக்கற எடத்த தண்ணி ஊத்திக் கழுவி உட்டுட்டு அப்பறமா போலீஸ கூப்புடுவியாடி?" எங்கள் சர்வர் தன்னுடைய குறிப்புகளை மெமரியில்தான் வைத்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அத்தனையும் போய்விடும். டிஸ்க் சின்னது என்பதற்காக அக்காவே எப்போதோ அப்படி அமைத்தது. அதனால் என்ன நடந்தது என்று படித்துப் பார்க்காமல் பட்டனைத் தொடக் கூடாது. அது அவள் சட்டம்.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் குப்புராஜ் அண்ணன் இறந்துபோனார். அத்திப்பட்டில் வேலை முடித்து வீட்டுக்கு வருகிற வழியில், பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே மாரடைப்பு. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். நாற்பத்து நாலு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். மகள் பூமிகா பிளஸ் ஒன், ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்றாள். அழவில்லை. வந்தாள், உட்கார்ந்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள். ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு போனாள். போன் அடித்தால் எடுத்துக் காதில் வைப்பாள். "ம்" என்பாள். வைத்துவிடுவாள். பிறகு போய்ப் பட்டனை அமுக்கிவிட்டு வருவாள். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தவளே அப்படி. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எரிச்சல்தான் கூட இருந்தது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு செக்ஷனும் தன் ஆயுதத்தைக் கழுவித் துடைத்து டைம் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் சாமி மாடத்தில் வைக்க வேண்டும். ஃபிட்டர்கள் ஸ்பேனர் வைப்பார்கள். குவாலிட்டிக்காரர்கள் அளவு பார்க்கும் வெர்னியர் வைப்பார்கள். எங்கள் செக்ஷனுக்கு அக்கா வருடா வருடம் ஒரு கீபோர்டு வைப்பாள். இந்த வருடம் அவள் தள்ளி நின்றாள்.

"ஊட்டுல சாவு ஆயி வருஷம் திரும்பல ஏஞ்சலு. நான் பூஜை பக்கம் வரக்கூடாது. நீயே பாத்துக்கோ."

நான் சர்ச்சுக்குப் போகிறவள். பூஜையில் எதை வைப்பார்கள், எப்போது எடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஃபர்னஸ் இரண்டும் நின்றிருந்ததால் சர்வரைத் திறந்து தூசு ஊதினேன். மெமரி ஸ்டிக் என்கிற விரல் நீளப் பச்சைத் தகடுகள் இரண்டையும் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். கம்ப்யூட்டர் வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான் தேய்ப்பார்கள். ஒன்றை மாட்டிவிட்டேன். இன்னொன்று கையில் இருக்கும்போது தட்டோடு வந்து நின்றார்கள். "சிஸ்டம் செக்ஷன், உங்க ஆயுதம் இன்னா? சீக்கிரம் குடும்மா, நேரம் ஆவுது." கீபோர்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. விளையாட்டாகக் கையில் இருந்ததை நீட்டினேன். "இந்தாங்க, இதான் எங்க ஆயுதம்." சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வெர்னியருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள். சாயங்காலம் எடுக்கப் போனால், வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாதாம்.

திரும்பி வந்து அக்காவைக் கேட்டேன். "அக்கா, ஒரு ஸ்டிக் பூஜையில இருக்குது. ஒண்ண வெச்சே ஆன் பண்ணிடட்டா?"

"ம்" என்றாள்.

ஆன் செய்தேன். நன்றாகவே ஓடியது. மறுநாள் லீவு. அதற்கு மறுநாள் ஆரணியில் சித்தி மகள் கல்யாணம். திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அந்த மாதம் பாதியிலிருந்து ரெக்கார்டர் நிற்க ஆரம்பித்தது. ரெக்கார்டர் என்றால் பெட்டி இல்லை, சூட்டைப் பதிந்துகொண்டே இருக்கும் புரோகிராம். நான்கு தடவை. நான்கும் பி ஷிப்டில், மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரைக்குமான ஷிப்டு. நான்கு தடவையும், சர்வரும் வைத்திருக்கிற ஃபர்னஸ் கன்ட்ரோல் பேனலில் இருந்தவர் பென்னி அண்ணன்.

பென்னி அண்ணன் எங்கள் தெரு. மனைவி சுகிர்தா பக்கத்துக் கம்பெனியில் ஏ ஷிப்டு, விடியற்காலையிலேயே போய் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திரும்பும். பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஆள் வேண்டும் என்று கேட்டு வாங்கித்தான் எப்போதும் பி ஷிப்டிலேயே இருந்தார். ஏழு வருடம் காண்ட்ராக்டில் உழைத்து, போன வருடம்தான் கம்பெனி ரோலுக்கு வந்தவர்.

பதிவு இல்லாமல் ஊற்றிய வார்ப்பை வாங்குகிறவன் ஒத்துக்கொள்ள மாட்டான். நான்கு நாள் சரக்கு திரும்பி வந்தது. நான்காவது தடவை மேனேஜர் சுப்பராயன் சாரே பேனலுக்குப் போய்ப் பார்த்தார். ரெக்கார்டர் ஓடுகிற கறுப்பு ஜன்னலின் கடைசி வரியில் 'கில்டு' என்று இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. "தானா நின்னா ஸ்டாப்டுனு வரும். கில்டுனு போட்டுக்கினு இருக்குது பாரு. யாரோ கொன்னாத்தானே அப்படி வரும்? பேனல்ல இருந்தது யாரு?" டீ குடிக்கப் போவதற்காகப் பென்னி பதிவை நிறுத்திவிட்டுப் போகிறான் என்று எழுதினார். சஸ்பென்ஷன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்கொயரி, குற்றம் உறுதியானால் டிஸ்மிஸ் என்று கையில் மெமோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் போன பிறகு ரெக்கார்டர் ஒரு தடவை கூட நிற்கவில்லை. "பாத்தியா?" என்றார்கள் எல்லாரும். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். அவர் போன மறுநாளே இரண்டாவது ஃபர்னஸை, உள்ளே பூசிய லைனிங் மாற்ற நிறுத்தினார்கள் என்பதை அந்த நேரத்தில் நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது சுகிர்தா என் கையைப் பிடித்தது. "ஏஞ்சலு, அந்த மனுசன் ஏழு நாளா சோறு தின்ன மாட்டேன்றாரு. வேல போனா கூட பரவால்ல, திருட்டுப்பய மாதிரி அனுப்பிட்டாங்களேன்னு சொல்லிக்கினே கீறாரு. உங்க மேடம் கிட்ட ஒரு வார்த்த கேளேன். மிஷினு ஏன் நிக்குதுனு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

திங்கட்கிழமை அக்காவிடம் சொன்னேன். சுகிர்தா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அக்கா ஸ்கிரீனைப் பார்த்தபடியே "ம்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "அக்கா, ம்னு சொல்லாத! சொல்லாதன்றேன்! ஒரு ஆளு சோறு தின்னாம கெடக்கறாரு. பொணத்த கழுவாத கழுவாதனு என்ன மட்டும் திட்டுவ. நீ நாலு வாட்டி கழுவிட்டு வந்து ஒக்காந்துகினு கீற!"

கத்திய பிறகு பயமாக இருந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். யாரோ எங்கேயோ கூப்பிடுகிறார்கள் என்பது போலப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அடுத்த வாட்டி நின்னா யாரும் பட்டன தொடாதீங்க."

செவ்வாய் நிற்கவில்லை. புதன் நிற்கவில்லை. எந்த நாளும் நின்றுவிடக் கூடாதே என்று இருந்தவள், நின்றுபோகட்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் லைனிங் முடிந்து இரண்டாவது ஃபர்னஸும் ஓட ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நாலே காலுக்குப் பேனலிலிருந்து போன். பென்னி அண்ணனுக்குப் பதில் போட்டிருந்த ஆள். "மேடம், நின்னுடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல மேடம், சத்தியமா!"

நாங்கள் போய்ச் சேருவதற்குள் சுப்பராயன் சார் வந்துவிட்டார். "ரீஸ்டார்ட் பண்ணும்மா. உள்ள மெட்டல் கொதிச்சிக்கினு இருக்குது."

"அஞ்சு நிமிஷம் சார்."

"அஞ்சு நிமிஷம் பதிவு இல்லனா அந்த சரக்கும் போச்சு."

"போவட்டும்" என்றாள் அக்கா. பட்டன் மேல் ஒரு கையை வைத்து மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டைப் அடித்தாள். கெர்னல் எழுதி வைத்த குறிப்புகளை வரவழைத்தாள். கெர்னல் என்பது லினக்ஸுக்கு உள்ளே இருக்கும் மேஸ்திரி. யாருக்கு எவ்வளவு இடம் என்று அதுதான் பிரித்துக் கொடுக்கும். வரிசையாக எழுத்துகள் ஓடின. நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தாள். அவுட் ஆஃப் மெமரி. அதற்குப் பக்கத்தில் ரெக்கார்டரின் பெயர். நேரம் நாலு மணி பத்து நிமிடம் இருபத்திரண்டு விநாடி.

"யாரும் கொல்லல சார். கெர்னல் கொன்னுக்கீது. மெமரியில எடம் சுத்தமா தீந்துபோச்சுனா, எவன் அதிகமா புடிச்சிக்கினு இருக்கானோ அவன தூக்கிடும். இல்லனா மொத்த சர்வரும் படுத்துடும். நாலு பத்துக்கு ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட் தானா ஓட ஆரம்பிக்கும். ரெண்டு ஃபர்னஸும் ஓடற நாள்ல அது ரெண்டு மடங்கு கேக்கும். ரெக்கார்டர்தான் பெருசு. அதுதான் மாட்டிக்கிச்சு."

"அந்த ரிப்போர்ட் நாலு வருஷமா ஓடுதேம்மா. இப்ப மட்டும் ஏன் எடம் பத்தல?"

அக்கா மொத்த மெமரி எவ்வளவு என்று கேட்டு ஒரு வார்த்தை அடித்தாள். முதல் வரியிலேயே வந்தது. மூன்றே முக்கால்.

"எட்டு ஜிபி இது" என்றாள் அக்கா மெதுவாக. "ஏழரைக்கு மேல காட்டணும். பாதி எங்க போச்சு?"

எனக்கு அந்தப் பூஜைத் தட்டு ஞாபகம் வந்தது. ஃபர்னஸ் ஷெட்டைத் தாண்டி, மழைத் தண்ணீரில் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு டைம் ஆபீஸுக்கு ஓடினேன்.

மாடத்தில் அது அப்படியே இருந்தது. ஸ்பேனர், வெர்னியர் எல்லாவற்றையும் அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது என்னவென்று தெரியாததால் யாரும் தொடவில்லை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் தலையில் அன்றைக்குப் பறித்த செவ்வந்தி ஒன்று. கையை நீட்டியதும் பெருக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா துடைப்பத்தோடு வந்தது.

"அய்ய, சாமிகிட்ட கீறத எடுக்கற? நான் டெய்லி தொடச்சி பூ வெச்சிக்கினு வரேன் அதுக்கு."

"இது சாமி இல்லக்கா. எங்க சர்வரோட பாதி."

"எதுவா இருந்தா இன்னா. ஒன்ற மாசமா இங்க கீதே. வேணும்னா அப்பவே வந்து கேக்க மாட்டீங்களா?"

பூவோடு சேர்த்து அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன். சார் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவாள், கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அக்கா அந்தப் பூவை எடுத்து மேசையில் வைத்தாள். ரப்பர் கேட்டாள். சந்தனத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். கெர்னல் குறிப்பை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு சர்வரை அணைத்தாள், பெட்டியைத் திறந்து காலி இடத்தில் வைத்து அமுக்கினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஆன் செய்ததும் ஏழே முக்கால் காட்டியது.

"நீ என்கிட்ட கேட்ட ஏஞ்சலு. நான்தான் ம்னு சொன்னேன்" என்றாள். "இந்த மூணே முக்கால டெய்லி பாத்துகினுதான் இருந்தேன். முதல் வரியில கீது. கண்ணுக்குத் தெரியுது, உள்ள ஏறல."

வெள்ளிக்கிழமை என்கொயரி அறையில் அக்கா கெர்னல் குறிப்பை பிரிண்ட் எடுத்து வைத்தாள். ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர் "கழட்டினது யாரு?" என்று கேட்டார். அக்கா பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தாவின் பிடி இன்னும் மணிக்கட்டில் இருப்பது போல இருந்தது. "நான்தான் சார்" என்றேன். "செக் பண்ணாதது நான்" என்றாள் அக்கா. இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். பென்னி அண்ணன் மேல் இருந்த குற்றத்தைத் தள்ளுபடி செய்து, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். சுப்பராயன் சார் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். அவர் மேனேஜர்.

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கே பென்னி அண்ணன் எங்கள் ரூம் வாசலில் வந்து நின்றார். இளைத்துப்போயிருந்தார், சட்டை தோளிலிருந்து தொங்கியது. நான் எழுந்து, "அண்ணா, என்ன மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன்.

"உன் மேல கோவம் இல்ல ஏஞ்சலு. நீ தெரியாம பண்ண" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "மேடம், முன்னாடியெல்லாம் போன் போட்டா, மொதல்ல இருந்து சொல்லுன்னு உசுர வாங்குவீங்க. இந்த வாட்டி நாலு வாட்டி போன் பண்ணேன். மூணாவது வாட்டி, 'மேடம், கரீட்டா நாலு பத்துக்குத்தான் நிக்குது, போன வாட்டியும் நாலு பத்து'ன்னு சொல்ல வாயெடுத்தேன். ம்னு சொல்லி வெச்சிட்டீங்க. ஒரு வார்த்த, இன்னா ஆச்சுன்னு கேட்டிருக்கலாம் மேடம்."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனலிலிருந்து அவள் எடுத்து வந்திருந்த அந்தச் செவ்வந்தி அங்கே வாடிக் கிடந்தது. நான் அவள் 'ம்' சொல்லிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ஊட்டுக்காரரும் அன்னிக்கு பஸ்ல இருந்து போன் பண்ணாரு பென்னி" என்றாள். யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "ஒரு மாதிரியா கீது குணா, வேர்க்குதுன்னாரு. எனக்கு இங்க ஏதோ வேல. ம்னு சொல்லி வெச்சிட்டேன். இன்னா ஆச்சுன்னு கேக்கல. ஊரு பூரா கேக்கறவ, அவர கேக்கல."

மூன்று மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் மட்டும் பெரிய யோக்கியமா?

பென்னி அண்ணன் போகத் திரும்பினார். அக்கா எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காரு பென்னி. மொத வாட்டி நின்னப்ப இன்னா ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லு."

"அதான் எல்லாம் தெரிஞ்சிபோச்சே மேடம்."

"எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஆரம்பித்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், சுகிர்தா ஷிப்டிலிருந்து வர லேட்டானது, சைக்கிளில் மழையில் நனைந்தபடி வந்தது, பேனலில் ஆயிரத்து நானூற்று அறுபதிலேயே எண் அசையாமல் நின்றது. அக்கா குறுக்கே பேசவில்லை. அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. இரண்டு மணி சங்கு ஊதியது. பென்னி அண்ணன் பதறி எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பேனலுக்குப் போன் போட்டாள்.

"பென்னி பத்து நிமிஷம் கழிச்சி வருவாரு. நான் சொன்னேன்னு சொல்லு." போனை வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பறம்?"